‘எல்லாம் இருக்கிறது, உங்கள் வாதம் எங்கே?’ என்று நெறியாளர் கேட்டால்

கேள்வி இதுதான்: “இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டுச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு, ‘புலம்பெயர் தொழிலாளர்களும் குடும்ப உறவுகளும்’. மூன்று ஆண்டுகளில் 40 நேர்காணல்கள் எடுத்திருக்கிறேன். கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த இரண்டு இயல்களையும் பார்த்துவிட்டு, ‘எல்லாம் இருக்கிறது, உங்கள் வாதம் எங்கே?’ என்று நெறியாளர் கேட்கிறார். வாதம் என்று எதைச் சொல்கிறார்? இலக்கியத்தில் செய்ததும் இங்கே செய்வதும் வேறு வேறா? இனி எப்படி எழுதுவது?”

முதலில் ஒன்று. உங்கள் நெறியாளர் உங்களைக் குறை சொல்லவில்லை. பொருள் சேர்ந்துவிட்டது, இனி அதை வைத்து ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். பல ஆண்டுகளாக ஆய்வேடுகளையும் ஜர்னலுக்கு வரும் கட்டுரைகளையும் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். வரலாறு, சமூகவியல், மானிடவியல், இலக்கியம் என எந்தத் துறையிலிருந்து வந்தாலும், முதல் வரைவுகள் தடுக்கி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. உழைப்புக் குறைந்தவர்களுக்கு வரும் சிக்கல் இல்லை இது. நிறையச் சேர்த்தவர்களுக்கே வருகிறது.

ஆய்வில் வாதம் என்பது மறுக்கக்கூடிய ஒரு கூற்று. கூடவே அதை ஏற்கவைக்கும் சான்று. ‘புலம்பெயர்வு குடும்ப உறவுகளில் மாற்றத்தை ஏற்படுத்துகிறது’ என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நிறுவ 300 பக்கம் எதற்கு? அப்படி எழுதினால் ஒவ்வொரு இயலும் தகவல்களை அடுக்கிவைத்த அலமாரி ஆகிவிடும். உங்கள் நெறியாளர் பார்த்தது அந்த அலமாரியைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தலைப்பிலேயே செய்து பார்ப்போம். உங்கள் நேர்காணல்களை நான் படித்ததில்லை, அதனால் இதை ஒரு மாதிரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 குடும்பங்களிலும் வெளியே போனவர் பணம் அனுப்புகிறார். சில வீடுகளில், பிள்ளையை எங்கே படிக்கவைப்பது, கடனை எப்போது அடைப்பது போன்றவற்றை வீட்டில் இருப்பவரே முடிவு செய்கிறார். வேறு சில வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? இந்த ‘ஏன்’ வந்ததும் தலைப்பு கேள்வியாகிவிட்டது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கலாம். அனுப்பும் தொகை காரணமா? போய் எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதா? வீட்டில் பெரியவர்கள் இருப்பதா? கடன் கொடுத்தவர்களிடம் யார் பேசுகிறார்கள் என்பதா? இவற்றில் எந்த விடை சரியோ அதற்கேற்ற தடம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். தொகைதான் காரணம் என்றால், அதிகம் அனுப்பும் வீடுகளெல்லாம் ஒரு பக்கம் சேர வேண்டும். சேரவில்லையா? சரி, அந்த விடை விழுந்துவிட்டது, அடுத்ததைப் பாருங்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, ‘முடிவெடுக்கும் உரிமை சம்பாதிப்பவரிடமும் தங்குவதில்லை, பணத்தைப் பெறுபவருக்கும் தானாக வந்துவிடுவதில்லை, வெளியாரிடம் குடும்பத்துக்காகப் பேசும் பொறுப்பு யாருக்கு வருகிறதோ அவரிடம் போகிறது’ என்று ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தால், அது வாதம். இதை ஒருவர் மறுக்கலாம். மறுத்தால் அவர்முன் எடுத்து வைக்க உங்களிடம் சான்று இருக்கிறது.

நல்ல கேள்வி இருந்தால் சாதாரணப் பொருள்கூடத் தரவாகிவிடும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது மரியன்தால் ஆய்வை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நூற்பாலை மூடப்பட்டுவிட்டது. மாரி யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே போய் ஆராய்ந்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டது. வேலையிழந்தவர்கள் கொதித்தெழுவார்கள் என்று அந்தக் காலத்தில் பலர் எதிர்பார்த்தார்கள். குழு கண்டது சோர்வை. நாள் முழுவதும் நேரம் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது, செய்தித்தாள் வாங்குவதும் குறைந்திருந்தது. அவர்கள் முதன்மைத் தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட மறைவாக இருந்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள்; ஆலை மூடியதால் வீட்டு வேலை நின்றுவிடவில்லையே! வேலை போனவருக்குக் கிடைப்பது ஓய்வு இல்லை, அவருடைய நேரமே உருக்குலைந்துபோகிறது என்ற வாதம் அப்படித்தான் பிறந்தது. கையில் இருந்த சான்று என்ன? நூலகப் பதிவேடு, ஒரு கடிகாரம், வீட்டுச் செலவுக் கணக்கு, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள். ‘வேலையில்லாத போது நேரம் என்ன ஆகிறது?’ என்ற கேள்வி இல்லாவிட்டால் அந்தப் பதிவேடு வெறும் பதிவேடாகவே இருந்திருக்கும். எனக்கு இந்த ஆய்வின்மேல் மதிப்புக் கூட இன்னொரு காரணமும் உண்டு. வெறுமனே வேடிக்கை பார்க்கும் ஆளாக யாரும் அந்த ஊருக்குள் போகக் கூடாது, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்தபடிதான் ஆராய வேண்டும் என்று அந்தக் குழு விதி வைத்துக்கொண்டது.

இனி, இலக்கியத்தில் செய்ததும் இங்கே செய்வதும் வேறா என்ற கேள்விக்கு வருகிறேன். சான்றாக எடுத்துக்கொள்ளும் பொருள் மாறுகிறது. ஆனால் படிப்பவர் சரிபார்த்து மறுக்க இடம் வைத்து எழுத வேண்டும் என்பது எங்கேயும் மாறாது. நீங்கள் இலக்கியத்தில் கற்ற வரிக்கு வரி வாசிக்கும் பழக்கம் பெரிய சொத்து, அதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராதீர்கள். 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்ஸோ வல்லா செய்தது அந்த வாசிப்பைத்தான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகளாக நடமாடிக்கொண்டிருந்தது. வல்லா அதன் லத்தீன் மொழியைப் பார்த்தார். ரோமில் அந்தக் காலத்தில் வழங்காத ‘சத்ரப்’ போன்ற பதவிச் சொற்கள் உள்ளே இருந்தன. எழுதிய காலத்தில் இன்னும் உருவாகாத கான்ஸ்டன்டினோப்பிள் நகரம் இருப்பதுபோலப் பேசப்பட்டிருந்தது. ஆவணம் பொய் என்று அவர் காட்டினார். ஒரு சொல் எந்தக் காலத்தது, யார் வாயில் வரக்கூடியது என்று கேட்கும் அதே காது நேர்காணலுக்கும் தேவை. உங்களிடம் பேசியவர் ‘அனுப்பினேன்’ என்றாரா, ‘கொடுத்தேன்’ என்றாரா, ‘கட்டினேன்’ என்றாரா? மூன்றும் மூன்று உறவு.

அடுத்து எண்ணிக்கை. 40 பேர் போதுமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும், கேட்கவில்லை என்றாலும் இருக்கும். எதற்குப் போதும் என்று முதலில் கேட்க வேண்டும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவை யாரிடம் இருந்திருக்கும்? தவிர, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தனி வகை. இன்னொரு பக்கம் வரலாற்றாளர் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் வெளியிட்ட நூல் ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மாவாலை நடத்திய மெனோக்கியோ, திருச்சபையின் விசாரணையில் சொன்ன பதில்களை வைத்து எழுதியது. எத்தனை ஆலைக்காரர்கள் அப்படி நினைத்தார்கள் என்று அந்த நூலால் சொல்ல முடியாது. ஆனால் எழுத்தறிந்த ஒரு கிராமத்து மனிதர் அந்தக் காலத்தில் எதையெல்லாம் நினைத்திருக்க முடியும் என்று காட்ட முடிந்தது.

ஆகவே 40 நேர்காணலை வைத்துக்கொண்டு ‘62 சதவீதத்தினர்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதும் ஆய்வேடுகளை நிறையப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. நாற்பதில் 25 பேர் என்று எண்ணிக்கையாகவே சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அந்த 25 பேருக்கும் மற்ற 15 பேருக்கும் இடையே என்ன வேறுபாடு, அது எப்படி வேலை செய்கிறது என்பது. ஒரு செயல் எந்த வழியாக நடக்கிறது என்று காட்ட நேர்காணலைப்போல வேறு சான்று கிடையாது. எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதைச் சொல்வது அதன் வேலை இல்லை.

மாவட்ட வாரியான, மாநில வாரியான புள்ளிவிவரங்களை முதல் இயலில் போடப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவு. இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று −1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு இங்கே −0.53. அப்படியானால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் எழுத்தறிவு அதிகமா? தனி மனிதர்களாக எடுத்துக் கணக்கிட்டால் அது +0.12. அதாவது, எழுதப்படிக்கத் தெரியாமை அவர்களிடையே சற்று அதிகம். ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மாநிலத்துக்கு உண்மையாக இருப்பது மனிதருக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ‘புலம்பெயர்வு அதிகமுள்ள மாவட்டங்களில் இது இப்படி இருக்கிறது, ஆகவே புலம்பெயர்ந்தோர் குடும்பங்கள் இப்படி இருக்கின்றன’ என்று நீங்கள் எழுதினால் அதே குழியில் விழுவீர்கள்.

பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய நூல், தனிமனிதரின் துயரமாக மட்டும் பார்க்கப்பட்ட ஒன்றைச் சமூகப் பிணைப்பின் வலிமையோடு இணைத்துக் காட்டியது. அதன் அடித்தளம் அரசுப் புள்ளிவிவரம். ஜாக் டக்ளஸ் என்ற சமூகவியலாளர் 1967இல் எழுப்பிய கேள்வி எளிமையானது: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவு செய்வது யார், எப்படி முடிவு செய்கிறார்? குடும்பமும் ஊரும் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அதை விபத்து என்று எழுதவைக்க முடியும். அப்படியென்றால், பிணைப்பு மிகுந்த இடத்தில் தற்கொலை குறைவா, பதிவு குறைவா? நேர்காணலும் ஒரு பதிவுதான். நீங்கள் கேட்டபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மாமியார் இருந்தபோது சொன்னதும் அவர் உள்ளே போனபிறகு சொன்னதும் ஒன்றாகவா இருந்தன? உங்களை என்னவென்று நினைத்துப் பேசினார்கள், அரசாங்கத்து ஆள் என்றா? இவற்றையெல்லாம் ஒவ்வொரு நேர்காணலின் தலைப்பிலும் எழுதிவையுங்கள். இது முறையியல் இயலில் ஒப்புக்கு ஒரு பத்தி போடும் விஷயம் இல்லை, பல நேரம் கண்டுபிடிப்பே இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இப்போது முன்னாய்வுகள். உங்கள் இரண்டாவது இயல் இதுவாகத்தான் இருக்கும், அது எப்படி இருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. ‘இன்னார் இப்படிக் கூறுகிறார். இன்னார் இவ்வாறு குறிப்பிடுகிறார்.’ ஒரு பத்திக்கு ஓர் ஆசிரியர், காலவரிசையில். இதைத் திருத்த நம் மொழியிலேயே அருமையான கருவி ஒன்று இருக்கிறது, ஆய்வு மாணவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். நன்னூலில் பவணந்தி முனிவர், நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தோடு கொள்ளும் நிலைகளை ஏழாகச் சொல்கிறார், எழுவகை மதம் என்று (மதம் என்றால் இங்கே கொள்கை). உடன்படல். மறுத்தல். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்பு களைதல். தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துதல். இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல். பிறர் நூலில் குற்றம் காட்டல். மற்றவர்களோடு சேராமல் தன் கருத்தைக் கொள்ளுதல். உங்கள் முன்னாய்வு இயலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இந்த ஏழில் ஒன்றை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பெயர்கள் இருக்கும். அவற்றை எடுத்துவிடலாம், இயல் பாதியாகும், பரவாயில்லை. எழுத முடிந்தவை தாமாகவே குழுக்களாகச் சேரும்: இவர்கள் பணத்தைக் காரணமாகப் பார்க்கிறார்கள், அவர்கள் பிரிந்திருக்கும் காலத்தைப் பார்க்கிறார்கள், இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை, அங்கே நான் வருகிறேன். இந்த ஏழில் மிகக் கடினமானதும் மிகப் பயனுள்ளதும், ஏற்றுக்கொண்டு களைதல்தான். எதிர்த்தரப்பை அதன் வலிமையான வடிவத்தில் சொல்லத் தெரிந்தவரை மதிப்பீட்டாளர் நம்புவார்.

எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆய்வு முடிந்தபிறகு எழுதுவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எழுதும்போதுதான் நமக்கு என்ன தெரியும், எங்கே ஓட்டை என்று தெரியவரும். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளிவந்த தன் நூலின் பிற்சேர்க்கையில், ஆய்வாளர் ஒரு கோப்பு வைத்துக்கொண்டு தோன்றுவதையெல்லாம் அதில் எழுதி, அவ்வப்போது கலைத்து அடுக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் வாழ்நாளில் ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகள் எழுதி, ஒன்றோடொன்றை எண்ணால் இணைத்து வைத்திருந்தார். அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு நேர்காணலுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். இவர் சொன்னதில் என்னை ஆச்சரியப்படுத்தியது எது, முன்பு பேசிய யாரோடு இவர் ஒத்துப்போகிறார், யாரோடு முரண்படுகிறார். 40 பக்கம் சேரும். அந்த 40 பக்கத்தைத் தரையில் பரப்பி வைத்துப் பார்க்கும் ஒரு மதியம், ஆறு மாதம் படிப்பதைவிடப் பயன் தரும்.

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். கண்டுபிடிப்பு இயல்களில் உங்களுக்கு மிகத் தெளிவாக இருக்கும் ஒன்றை முதலில் எழுதுங்கள். அப்புறம் அதற்கு முன்னும் பின்னும். முன்னுரை கடைசியில். எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று தெரியாமல் வழிகாட்டிப் பலகை எழுத முடியாது.

மொழி நடை பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளில் இரண்டு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒன்று, ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்பது நோக்கத்தக்கது’, ‘என்பதை அறிய முடிகிறது’ என்று வாக்கியத்தை முடிப்பது. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறீர்கள்? அதை வெட்டினால் வாக்கியம் எதையும் இழக்காது. மற்றது, செய்தவர் யார் என்று மறைப்பது. ‘குடும்பங்களில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன’ என்று எழுதினால், யார் எடுத்தார் என்ற, உங்கள் ஆய்வின் உயிரான விஷயமே காணாமல் போகிறது. ‘மூத்த மருமகள் முடிவெடுக்கிறார்’ என்று எழுதுங்கள். ‘நேர்காணல்கள் மேற்கொள்ளப்பட்டன’ என்பதற்குப் பதில் ‘நான் நேர்கண்டேன்’ என்று எழுதுவதில் தவறே இல்லை. நீங்கள்தான் போனீர்கள், நீங்கள்தான் கேட்டீர்கள், அதைச் சொல்வது நேர்மை. சில இடங்களில் ‘நான்’ எழுதக் கூடாது என்று பிடிவாதம் இருக்கும், அங்கே ‘ஆய்வாளர்’ என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செயலைச் செய்தவரை மறைக்காதீர்கள்.

கலைச்சொற்களில் ஒரே விதி. ஒரு கருத்துக்கு ஒரு சொல், கடைசிவரை அதே சொல். முதல் இயலில் ‘புலம்பெயர்வு’, மூன்றாவதில் ‘இடப்பெயர்ச்சி’, ஐந்தாவதில் ‘குடிபெயர்தல்’ என்று அழகுக்காக மாற்றினால், மூன்றும் மூன்று பொருளா என்று படிப்பவர் தடுமாறுவார். கதை எழுதும்போது சொல் மாற்றம் அழகு. இங்கே குழப்பம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இந்தத் தடுமாற்றத்துக்கு ‘மயங்க வைத்தல்’ என்றே பெயர் இருக்கிறது. அதே பட்டியலில் உள்ள ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ இரண்டும் நான் படித்த பல ஆய்வேடுகளுக்கு அப்படியே பொருந்தும். புலம்பெயர்வு பற்றிய ஆய்வில் உலகமயமாக்கலின் வரலாற்றை 60 பக்கம் சொல்வது முன்னது. தொடக்கத்தில் பெரிய கேள்வியை எழுப்பிவிட்டு, கடைசி இயலில் பத்துப் பரிந்துரைகளோடு மெலிந்து முடிவது பின்னது.

மேற்கோள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். நீங்களே படிக்காத எதையும் படித்தது போலச் சுட்டாதீர்கள். பசலைக்கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கைக்கு, பழைய விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. அறிவியலில் கவனம் தேவை என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இதைப் பலர் எழுதினார்கள். 1981இல் ஒரு மருத்துவ இதழில் ஹாம்ப்ளின் என்பவர் எழுதியதைப் பலரும் சுட்டினார்கள். அவரோ அதற்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. பின்னாளில் தேடியவர்களுக்குத் தசமப் புள்ளிப் பிழைக்கான சான்று கிடைக்கவே இல்லை. இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதியதால் கதை உண்மையாகிப்போன வழியை ரெக்தால் 2014இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். மூல நூல் கிடைக்கவில்லையா? ‘இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று உள்ளபடி எழுதுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் துணைநூற்பட்டியல் கேட்டு வாங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், ஆனால் எழுதப்படவே இல்லாத கட்டுரை என்று கலந்து கொடுக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. என்னிடம் வந்த ஒரு வரைவில் அப்படி ஒன்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். அதன்பிறகு அந்த வரைவில் மற்ற எதையும் நம்ப மனம் வரவில்லை, அதை எழுதியவருக்கு அது பெரிய இழப்பு.

மேற்கோள் காட்டும் வடிவத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதை முதல் நாளிலிருந்தே ஒரு மென்பொருளில் போட்டுவாருங்கள். ஸொட்டெரோ இலவசம்.

பிறர் சரிபார்க்கும்படி தரவை வைத்திருப்பது வடிவத்தைவிட நூறு மடங்கு முக்கியம். 2010இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக −0.1 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது என்று எழுதினார்கள். அரசியல்வாதிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற முனைவர் பட்ட மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டார், அவர்கள் தங்கள் எக்ஸெல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி எடுத்த சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளும் முடிவைச் சாய்த்திருந்தன. ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட திருத்தத்தில் அந்தச் சராசரி 2.2 சதவீதமாக இருந்தது. பிழை யாருக்கும் வரும். கோப்பு இருந்ததாலும் அதைக் கொடுத்ததாலும்தான் பிழை வெளியே வந்தது. உங்கள் நேர்காணல்களை அப்படி எல்லோருக்கும் திறந்து வைக்க முடியாது, பேசியவர்களுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் எந்த நேர்காணலிலிருந்து எந்த வரி வந்தது, எந்த அடிப்படையில் வகைப்படுத்தினீர்கள் என்ற தடத்தை நெறியாளர் கேட்டால் காட்டும்படி வைத்திருங்கள். பேசியவர்களின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘மூன்று பெண் பிள்ளைகள், கணவர் கப்பலில் சமையல்காரர்’ என்றால் அந்த ஊரில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் வாதத்தை ஒரு வாக்கியமாக எழுதி முடித்ததும், 40 நேர்காணல்களையும் அதை எதிரே வைத்து மறுபடி படியுங்கள். சில பொருந்தாது. ஐந்தோ ஏழோ இருக்கும். அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும், ஒதுக்காதீர்கள். அந்த வீடுகளில் என்ன வேறாக இருக்கிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவரிடம் பேசுவது மருமகள்தான், ஆனாலும் முடிவு அவர் கைக்கு வரவில்லை என்று ஓர் ஏழு வீடுகள் இருந்தால், ஏன்? அந்த ஏழு வீடுகளிலும் கடன் சொந்தக்காரர்களிடம் வாங்கியதாக இருக்கலாம், வெளியாரிடம் பேசும்போது மட்டுமே அதிகாரம் கைமாறுகிறதாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் வாக்கியம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற எல்லை கிடைத்துவிட்டது. நெறியாளரிடம் அடுத்து எதைக் கொடுப்பது என்று யோசித்தால், முதல் இரண்டு இயல்களின் திருத்தத்தைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தையும், அதற்குப் பொருந்தாத ஏழு வீடுகளைப் பற்றிய பத்துப் பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.